காலை ஆறரைக்கு விழிக்கும் பெட்டி

பாப்பா,

நீ சர்வர் என்று சொல்லும் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் நான்கையும் உன் அம்மாவின் பழைய காட்டன் புடவையில் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் அட்டைப்பெட்டியில் வைத்தாயிற்று. லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதி நஸ்ரின் நாளை மறுநாள் கனடாவுக்குத் திரும்புகிறாள். கைப்பையிலேயே எடுத்துவந்து உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். பெட்டியை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தையும் உள்ளே வைக்க வேண்டும் என்று உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லைன்மேனாக இருந்த முப்பத்து நாலு வருஷத்தில் நான் எழுதியதெல்லாம் ஃபால்ட் ரிப்போர்ட்தான். எந்தக் கம்பத்தில் அறுந்தது, என்ன காரணம், எப்போது சரிசெய்தோம், அவ்வளவுதான். போன மாதம் நீ போனில், "சர்வர் அடிக்கடி கெட்டுப்போகுதுப்பா, உனக்கும் தொல்லை. புது வீட்டுக்குப் போறேன் இல்ல, டிஸ்க்கை மட்டும் அனுப்பிடு, நான் இங்கியே வெச்சிக்கிறேன்" என்றாய். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தத் தாள்கள்.

நீ கல்லூரி இரண்டாம் வருஷம் படித்தபோது பழைய கம்ப்யூட்டர் உதிரிகளை எங்கிருந்தோ வாங்கிவந்து ஹாலில் பரப்பி உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டில் இருந்த கேசட், போட்டோ, பாட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டால் டிவியிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம் என்றாய். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஸ்க்ரூடிரைவர் என்று நான் கேட்டேன். அதைக் கேட்டவன், அதே ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவன். நீ அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றினாய். வீடியோ கேசட்டுகளைப் பெட்டிக்குள் ஏற்ற இரண்டு நாள் ஓட வேண்டும் என்று நீ போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போயிருந்தாய். ஆளில்லாமல் ஓடுகிறதே என்று நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். பாதியில் நின்றதை நீ மறுபடி முதலிலிருந்து ஏற்றினாய். என்னிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரும் பார்க்காத விளக்கு எரியக் கூடாது என்பது என் தொழில் எனக்குக் கொடுத்த புத்தி. கரண்ட்டைப் பற்றி அது சரி. மற்றதில் அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் நிறைய அணைத்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

நீ கனடா போன பிறகும் இதே தகராறு. பெட்டி இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால்தான் அங்கிருந்து உனக்குத் தெரியும். நான் போகும்போதும் வரும்போதும் அணைத்துவிடுவேன். நீ போன் செய்து "அப்பா, ஆன் பண்ணு" என்பாய். இரண்டாவது வருஷம் லீவில் வந்தபோது அதற்கு ஒரு வழி கொண்டுவந்தாய். ஒரு சின்ன போர்டு. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். இதுவும் ஒரு முழு கம்ப்யூட்டர்தான் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அதை ரூட்டர் பக்கத்தில் செருகிவிட்டு, என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாய். பெரிய பெட்டி தூங்கும், வேலை இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிடும், இந்தக் குட்டி மட்டும் தூங்காது என்றாய். "நான் அங்கேர்ந்து நேரா கூப்பிட்டா பெட்டி காதுல விழாதுப்பா. வீட்டுக்குள்ள இருக்கிறவங்க கூப்பிட்டாதான் எழுந்துக்கும். நான் இதுகிட்ட சொல்லுவேன், இது அதை எழுப்பும்."

எப்படி எழுப்பும் என்று கேட்டேன். பெட்டிக்கென்று ஒரு நம்பர் இருக்கிறது, அந்த நம்பரைச் சொல்லிப் பதினாறு தடவை கூப்பிடும் என்றாய். எதற்குப் பதினாறு என்று கேட்டதற்கு, கம்பியில் போகிற எத்தனையோ பேச்சில் இது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று தூக்கத்திலும் அதற்குச் சந்தேகம் வரக் கூடாதாம். எனக்குக் கவலையெல்லாம் குட்டி எவ்வளவு இழுக்கும் என்பதுதான். "ஜீரோ வாட்ஸ் பல்பைவிட கம்மி" என்றாய். சரி, ஒத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. நீ கனடாவுக்குத் திரும்பிப் போன நாலாம் நாள், காலை ஆறரை மணிக்கு, அம்மா காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். ஹால் மூலையில் க்ளிக் என்று ஒரு சத்தம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். "பாப்பா வந்துட்டா" என்றாள். அங்கே உனக்கு அது ராத்திரிச் சமையல் நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நாற்பது நிமிஷம் ஓடியது. பிறகு நின்று, கொஞ்ச நேரத்தில் பெட்டி தூங்கிவிட்டது. அடுத்த நாளும் அதே ஆறரை. அன்றிலிருந்து எங்கள் காபி ஹாலுக்கு மாறியது. பெட்டிக்கு எதிரே இரண்டு நாற்காலி. நீ என்ன பார்க்கிறாய், எதைக் கேட்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஃபேன் சத்தம் போதுமாக இருந்தது. நீ வேலை முடிந்து வீடு சேர்ந்துவிட்டாய், நன்றாக இருக்கிறாய், ஏதோ சாப்பிடப்போகிறாய் என்று அர்த்தம். ஒரு நாள் சட்னி அரைக்கலாமே என்றேன். "மிக்சி போடாதீங்க, பாப்பா கேட்டுக்கினு இருக்கா" என்றாள் அம்மா. அது அப்படி இல்லை, அதற்குக் காது கிடையாது என்று நான் விளக்கவில்லை. நானும் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போனதில் குட்டியின் மெமரி கார்டு கெட்டுப்போனது. அது நிஜமான ஃபால்ட். நீ வீடியோ காலில் வந்தாய். நான் ஸ்டூலில் ஏறி, கண்ணாடியைத் தூக்கிவைத்துக்கொண்டு கார்டைக் கழற்றினேன். கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தேன். நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் நீ, "அப்பா, முடி இவ்ளோ கொட்டிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தாய். அம்மா குறுக்கே வந்து உன் பக்கத்தில் இருந்த செடியைப் பற்றி விசாரித்தாள். மற்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ நல்லா இருக்கியா, நாங்க நல்லா இருக்கோம், சாப்டியா, மழையா, பத்து நிமிஷம், முடிந்துவிடும். அன்று வைத்த பிறகு அம்மா சொன்னாள், "கெட்டுப்போனாதான் நல்லா கீது." விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், குட்டியின் பிளக்கை நானே பிடுங்கினேன். மறுநாளே நீ கூப்பிட்டாய். லூஸ் கான்டாக்ட் என்று சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினோம். அடுத்த முறை எலி என்றேன். அதற்கடுத்து ரூட்டர் சூடாகிறது என்றேன். நாலு தடவை செய்தேன், பாப்பா. ஒவ்வொரு தடவையும் நீ பொறுமையாக "பரவாயில்லப்பா, இப்ப அந்த வெள்ளை ஒயரைப் பாரு" என்று ஆரம்பிப்பாய். நான் தெரியாதவன் மாதிரி ஒயரைத் தேடுவேன். இல்லாத ஃபால்ட்டை இருக்கிறதாக நான் சர்வீஸில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. பெற்ற மகளிடம் எழுதினேன். எனக்கு உன்னைக் கூப்பிடத் தெரியாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? வேலையில் இருப்பாய், களைத்துப்போய் இருப்பாய், அப்பன் சும்மா கூப்பிட்டுத் தொல்லை செய்கிறான் என்று நினைப்பாய். ஏதாவது கெட்டுப்போயிருந்தால் கூப்பிடக் காரணம் இருக்கிறது. அதுவும் நான் கூப்பிட வேண்டாம், நீயே கூப்பிடுவாய்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் சொல்லக் கஷ்டமானது. போன வருஷம் கார்த்திகை தீபத்தன்று நீ கூப்பிடவில்லை. வருஷா வருஷம் மலைமேல் தீபம் ஏற்றும் நேரத்துக்கு உன் வீடியோ கால் வந்துவிடும். நான் மாடியில் நின்று போனை மலைப்பக்கம் பிடிப்பேன், நீ அங்கிருந்தே கும்பிடுவாய். சர்வீஸில் இருந்தவரை தீபத்துக்கு நான் வீட்டில் இருந்ததே இல்லை. ரிட்டையர் ஆன பிறகு எனக்கு தீபம் என்றால் அந்த வீடியோ கால்தான். அன்றும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தீபம் ஏற்றினார்கள், தெருவெல்லாம் கும்பிட்டது, கூட்டம் கலைந்தது. போன் அடிக்கவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. மறுநாள் காலை ஆறரைக்குப் பெட்டி விழித்தது. தீபத்துக்கு நேரமில்லை, படம் பார்க்க நேரமிருக்கிறதா என்று எனக்குச் சுருக்கென்றது. பெட்டி தூங்கியதும் போய் குட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். முன்பெல்லாம் ஆசையில் பிடுங்கினேன். அன்று கோபத்தில் பிடுங்கினேன்.

நீ கூப்பிடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷம் பேசினாய், கேமரா இல்லாமல். நெட் சரியில்லை என்றாய். சர்வரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்கு இனிமேல் அது தேவையில்லை போலிருக்கிறது என்று நான் எனக்குள் பேசிக்கொண்டேன். அம்மா தினமும் ஆறரைக்குக் காபியோடு நாற்காலியில் உட்காருவாள். ஏழு மணிக்கு எழுந்து உள்ளே போவாள். "பாப்பா ஏன் வர மாட்டுது?" என்று கேட்டாள். வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்று சொன்னேன். பத்தொன்பது நாள், பாப்பா. என் கை எட்டும் தூரத்தில் பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. நீ முதலில் கூப்பிடட்டும் என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இருபதாம் நாள் அம்மா ஒட்டடை அடிக்கும்போது அதைப் பார்த்துவிட்டாள். தன் துடைப்பம் பட்டுத்தான் பிளக் கழன்றது என்று நினைத்துக்கொண்டாள். "நானே இடிச்சிட்டிருக்கேன் பாருங்க, பாவி" என்று அழுதுகொண்டே செருகினாள். என் தவறை உன் அம்மா தன் தலையில் தூக்கிக்கொண்டு நின்றாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் செய்ததிலேயே சின்னத்தனமான காரியம் அதுதான். மறுநாள் ஆறரைக்குப் பெட்டி விழித்தது. அன்று நாற்பது நிமிஷத்தில் நிற்கவில்லை. பகல் பன்னிரண்டு வரை ஓடியது. அங்கே உனக்கு நடுராத்திரி தாண்டியிருக்கும். பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கேட்கவில்லை.

போன வாரம் நஸ்ரின், டிஸ்க்கை எப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்க வந்தாள். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்திருந்தாள். டீ குடித்துக்கொண்டே, பெட்டியைப் பார்த்துச் சிரித்து, "இதானா அங்கிள் அந்தப் பெட்டி? அவளுக்கு வேலை போனப்ப இதுக்காக எவ்ளோ அழுதா தெரியுமா" என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று. பேச்சை மாற்றப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றாள். தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் உன் ஆபீஸில் ஆட்களைக் குறைத்ததும், நீ இரண்டு மாதம் வேலை இல்லாமல் அறையிலேயே கிடந்ததும், விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவோம் என்றுதான் தீபத்துக்கு நீ கூப்பிடவில்லை. தினமும் ராத்திரி போனில் பெட்டியை எழுப்பும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாயாம். நஸ்ரின் சமைத்துக் கொண்டுவந்த ஒரு நாள் அவளிடம் சொன்னாயாம், "எங்க வீடே எழுந்துக்க மாட்டுது நஸ்ரின்" என்று. எங்களைக் கூப்பிட்டுக் கேட்டால் உன் குரல் உடைந்துவிடும் என்று நீ கேட்கவில்லையாம். நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

நீ பெட்டியில் என்ன பார்ப்பாய் என்று அம்மா அவளிடம் கேட்டாள். படம் எதுவும் இல்லையாம். நம் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவில் ஒரு துண்டு. வீடியோக்காரர் சாப்பிடப் போகும்போது கேமராவை அணைக்க மறந்து பின்கட்டுப் பக்கம் திருப்பிவைத்துவிட்டார். நாற்பது நிமிஷம் ஒன்றுமே நடக்காமல் ஓடும். அதை வெட்டித்தரச் சொல்லி நான் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். நீ அதைத்தான் போட்டுவிட்டுச் சமைப்பாயாம். "பேச்சு சத்தம் கேட்டா அவளுக்குத் தனியா இருக்கிற மாதிரி இருக்காதாம் அங்கிள்" என்றாள் நஸ்ரின்.

அவள் போன பிறகு நான் அம்மாவிடம் பிளக்கைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும், எலியிலிருந்து. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். டீ டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவிவைத்துவிட்டு வந்தாள். பிறகு, "உங்களுக்குக் கூப்பிடத் தெரியாதுனா என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல, நான் கூப்பிட்டுக் குடுத்திருப்பேனே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எழுதிடுங்க. வாயால சொன்னா பாதியை மறைச்சிடுவீங்க" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

அதனால் மறைக்காமல் இன்னொன்றையும் எழுதுகிறேன். உனக்கு வேலை போயிருந்தது என்று கேட்டதும் எனக்குள் முதலில் எழுந்தது வருத்தம் அல்ல. அப்போதே தெரிந்திருந்தால் திரும்பி வந்துவிடு என்று சொல்லியிருக்கலாமே என்ற ஒரு சந்தோஷம். ஒரு கணம்தான். ஆனால் அது என்னுடையதுதான். நீ எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. நீ விழுந்தால் நான் தூக்கிவிடாமல் வீட்டுக்கு இழுத்துவந்துவிடுவேன் என்று நீ பயந்திருக்கிறாய். பயந்தது சரிதான். இனிமேல் அப்படி இருக்க மாட்டேன் என்று எழுதித்தருகிறேன், ஆனாலும் என் மனசு கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது. உனக்குக் கஷ்டம் வந்தால் சொல். நான் வா என்று சொன்னால், வர மாட்டேன் என்று சொல். அதைக் கேட்டுக்கொண்டு உன் கஷ்டத்தையும் கேட்க நான் பழகிக்கொள்கிறேன். நல்ல சேதியை மட்டும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் ஒரு நாள் வீட்டுக்கு உன்னையே தெரியாமல் போய்விடும்.

புது வீட்டில் இந்த டிஸ்க்கைப் போடும் பெட்டியைத் தரையில் வைக்காதே, தூசி ஏறும். அங்கேயும் ஒரு குட்டி வைத்தால் அதற்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப் வை, கார்டு கெடாது. நாளைக்கு உனக்கென்று ஒருத்தர் வருவார், பிள்ளைகள் வரும். அவர்களில் யாராவது அடிக்கடி எதையாவது கெடுத்துக்கொண்டு உன்னிடம் வந்து நின்றால், சாமானைச் சரிசெய்வதற்கு முன்னால் ஆளைப் பார். இது மட்டும்தான் என் அனுபவத்தில் உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் நேற்று நாங்கள் அந்த நாற்பது நிமிஷத்தையும் உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவும் சித்திகளும் சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். யாரோ உப்பு எங்கே என்று கேட்கிறார்கள். நான் ஏணியில் நின்று சீரியல் லைட் கட்டுகிறேன், முதுகு மட்டும் தெரிகிறது. நீ படத்தில் இல்லை. உன் குரல் இருக்கிறது. ஒன்பது வயசுக் குரல். "அப்பா" என்கிறாய். நான் "இரு" என்கிறேன். மறுபடி "அப்பா." திரும்பாமலே "இரும்மா, வேலையா இருக்கேன்." அப்புறம் இன்னும் ரெண்டு மூன்று தடவை. பிறகு நீ கூப்பிடுவதை விட்டுவிட்டாய். என்ன காட்ட வந்தாய், என்ன கேட்க வந்தாய் என்று தெரியவில்லை. அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதையா தினமும் பார்த்தாய் என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

இன்று காலை ஆறரைக்கு எழுந்து ஹாலுக்கு வந்தோம். வேறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. டிஸ்க் இல்லாத பெட்டியில் ஒன்றும் எரியவில்லை. காபி குடித்தோம். இனி தினமும் இப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டோம். பழகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த அட்டைப்பெட்டி உன் கைக்கு வந்து, நீ இதைப் படித்து, என்மேல் கோபப்பட்டு முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பொறுத்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் காலையில் நான் உன்னைக் கூப்பிடுவேன். நம்பர் போடக்கூட அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், நானே போடுவேன். நீ பதறிப்போய் எடுத்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பாய். ஒன்றும் ஆகியிருக்காது, பாப்பா. சும்மாதான் கூப்பிட்டிருப்பேன். எனக்குப் பேசத் தெரியாமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், போனை வைத்துவிடாதே.

அப்பா